“உனக்குச் சட்டம் கிடையாது” என்பவர் யார்?



பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளியின் காதில் அடிக்கடி விழும் வாசகம் ஒன்று உண்டு. “சட்டமெல்லாம் பெரிய பாக்டரிக்காரனுக்கு, உனக்குக் கிடையாது.” அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் 12 மணி நேரம் நிற்கும் காவலாளியிடம் ஏஜென்சிக்காரர் இதைச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்ணிடம் சூப்பர்வைசர் சொல்கிறார். கார்மென்ட்ஸில் நூல் வெட்டும் ஹெல்பரிடம் ஆபீசுக்காரர், கொஞ்சம் நாகரிகமான கன்னடத்தில், இதையே சொல்கிறார். திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஆள் கூட்டி வரும் மேஸ்திரி இருக்கிறாரே, தானும் ஒரு காலத்தில் சிமெண்ட் சட்டி சுமந்தவர்தான், அவரும் சொல்கிறார். எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல!

நாம் என்ன செய்கிறோம்? நம்பி விடுகிறோம். லேட்டாக வந்ததற்குப் பிடித்தம், துடைப்பத்துக்குப் பிடித்தம், காணாமல் போன தட்டுக்குப் பிடித்தம், சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியதற்குப் பிடித்தம் என்று கூலி கரைந்து வருகிறது. எண்ணிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போகிறோம்.

இந்த வாசகம் பொய். அதைப் பொய் என்று நிரூபித்தவர்கள் எங்கோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ இருந்தவர்கள் அல்ல. இதே பெங்களூரில், நாம் தினம் குடிக்கும் தண்ணீரை விநியோகிக்கும் வாரியத்தில் வேலை பார்த்த சாதாரண ஊழியர்கள். அந்தக் கதை நம் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அபராதத்தில் பிறந்த வழக்கு

பெங்களூர் குடிநீர் வழங்கல் கழிவுநீர் வாரியம் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அங்கே சில ஊழியர்கள் தவறு செய்ததாகச் சொல்லி நிர்வாகம் அவர்களுக்கு அபராதம் போட்டது. தொகையையும் வசூல் செய்து விட்டது. ஊழியர்கள் பணிந்து போகவில்லை. ‘நியாயமான முறையில் எங்களை விசாரிக்காமல் எங்கள் பணத்தைப் பிடித்தது செல்லாது, திருப்பிக் கொடு’ என்று 1972-இல் தொழில் தகராறு சட்டத்தின் 33-சி (2) பிரிவின் கீழ் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள்.

இதற்கு வாரியம் சொன்ன பதிலைக் கவனியுங்கள். ‘நாங்கள் அபராதம் போட்டது நியாயமே’ என்றுதானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? அப்படிச் சொல்லவில்லை. ‘நாங்கள் நடத்துவது தொழிலே அல்ல. மக்களுக்கு அடிப்படை வசதி செய்து தருவது அரசனுடைய கடமையைப் போன்றது. ஆகவே இவர்கள் தொழிலாளிகளே அல்ல. இந்தக் கோர்ட்டுக்கு இவர்கள் மனுவை விசாரிக்கவே அதிகாரம் இல்லை’ என்றது! சுருக்கமாகச் சொன்னால், “உனக்குச் சட்டம் கிடையாது.” ஏஜென்சிக்காரரும் மேஸ்திரியும் இன்று சொல்வதை அன்றைக்கு ஒரு சர்க்கார் வாரியம் வக்கீல் வைத்துச் சொல்லிற்று.

தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரியம் கர்நாடக உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று, அங்கும் தோற்றது. அதோடு விட்டதா? டில்லி வரை போயிற்று. பிடித்த பணம் பெரிது என்பதால் அல்ல. தொழிலாளி என்று ஒருவனை ஒப்புக்கொண்டு விட்டால், அதற்குப் பிறகு அவன் எதையெல்லாம் கேட்பான் என்பது நிர்வாகங்களுக்கு நன்றாகத் தெரியும்.

1978 பிப்ரவரி 21 அன்று உச்சநீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு அளித்தது. வழக்கின் பெயரே ‘பெங்களூர் வாட்டர் சப்ளை எதிர் ஏ. ராஜப்பா’. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957-இல் கேரளத்தில் நம்பூதிரிபாட் அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர். அவர் வகுத்த அளவுகோல் எளிது. ஒழுங்குமுறையாக ஒரு வேலை நடக்கிறதா? முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து அதை நடத்துகிறார்களா? மனிதருக்குத் தேவையான பொருளோ சேவையோ அதனால் கிடைக்கிறதா? அப்படியானால் அது தொழில். லாபம் வருகிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆஸ்பத்திரி, கல்லூரி, நகரசபை என்று எத்தனையோ இடங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பினால் கோர்ட்டுக் கதவு திறந்தது.

ஆளுகிறவர்களுக்கு இது பிடிக்குமா? 1982-இல் நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரியையும் கல்வி நிலையங்களையும் ‘தொழில்’ என்ற வட்டத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் தைரியம் எந்தச் சர்க்காருக்கும் வரவில்லை. பழைய சட்டமே போய்ச் சேரும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அது காகிதத்திலேயே கிடந்தது.

அபராதத்துக்கும் ஓர் அளவு உண்டு

கூலியிலிருந்து அபராதம் பிடிப்பதைக் கட்டுப்படுத்த 1936-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது உட்பட நான்கு தொகுப்புகளையும் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழையதிலிருந்த அபராத விதிகள் பெரும்பாலும் புதியதிலும் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. சூப்பர்வைசர் செய்திருக்க மாட்டார்.

எந்த எந்தத் தவறுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே அரசின் ஒப்புதல் பெற்று, வேலை செய்யும் இடத்தில் நோட்டீசாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத தவறுக்கு அபராதம் கிடையாது. போடுவதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் எல்லா அபராதமும் சேர்ந்து கூலியில் நூற்றுக்கு 3-க்கு மேல் போகக் கூடாது. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அதிகபட்சம் 360 ரூபாய். அதையும் தவணை தவணையாகப் பிடிக்கக் கூடாது. 90 நாள் கழிந்தால் பிடிக்கவே கூடாது. பிடித்த பணம் முதலாளியின் பெட்டிக்குப் போகக் கூடாது. ரிஜிஸ்தரில் எழுதி, தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு ரிஜிஸ்தரை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

லேட்டாக வந்தால் சம்பளம் வெட்டலாமா? வெட்டலாம், எத்தனை நேரம் வேலைக்கு இல்லையோ அத்தனை நேரத்துக்கு உரியதை மட்டும். பத்து நிமிஷத்துக்கு அரை நாள் கூலியை வெட்டுகிறவர் சட்டத்தை வெட்டுகிறார். பொருள் தொலைந்தது, உடைந்தது என்றால், அந்தப் பொருள் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் அஜாக்கிரதையால் நஷ்டம் வந்திருக்க வேண்டும். உங்கள் விளக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும். அப்படியும் நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. இரவில் பார்க்கிங்கில் யாரோ கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனால், வாசலில் நின்ற காவலாளியின் சம்பளத்தில் கை வைக்கிறார்களே, அது எந்தச் சட்டம்? துடைப்பம், மாப், ஊசி, கத்தரி என்று வேலைக்கு வேண்டிய கருவிகளைக் கொடுத்துவிட்டு அதற்குப் பணம் பிடிப்பதற்கும் இடமில்லை. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினாலோ, நீங்களே விட்டாலோ, பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். “ஊருக்குப் போய்த் திரும்பி வா, அப்புறம் பார்க்கலாம்” என்பது கணக்குத் தீர்ப்பதல்ல. கணக்கை முடித்துக் கட்டுவது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. பாக்கிக்கு மனுப் போட மூன்று ஆண்டுகள் வரை நேரம் இருக்கிறது. கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையில்தான் இருக்கிறது. கோரிக்கை நியாயம் என்று அதிகாரி கண்டால், பாக்கித் தொகையின் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? காகிதம் இல்லை. சம்பளச் சீட்டு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; வேலை நியமனக் கடிதம் தர வேண்டும் என்று சொல்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு மேஸ்திரியின் நோட்டுப் புத்தகமே சம்பளச் சீட்டு. வெற்று வவுச்சரில் கைநாட்டு வைக்கிறோம். ரேகை இயந்திரத்தில் விரலை அழுத்திவிட்டு, அது எத்தனை நாளைப் பதிவு செய்தது என்று கேட்காமல் போகிறோம். கோலார் தங்க வயலில் நம் பாட்டன்மார், அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்த் தொழிலாளிகள், கம்பெனி தங்களிடம் கைரேகை எடுப்பதை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். ரேகை யார் கையில் போய்ச் சேருகிறது, எதற்குப் பயன்படப் போகிறது என்று அவர்கள் கேட்டார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். கேட்கும் பழக்கத்தையும் அந்த ரயிலில் ஏற்றி வந்தால் நன்றாக இருக்கும்.

கொடுத்த கையும் பறித்த கையும்

புதிய தொகுப்புகளைப் புகழ்ந்து ரேடியோவிலும் டி.வி.யிலும் சொல்லப்படுவதில் எல்லாமே பொய் அல்ல. குறைந்தபட்சக் கூலி முன்பு பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான். இப்போது எல்லா வேலைக்கும் உண்டு என்கிறார்கள். ஒப்பந்தக் காலத்துக்கு எடுக்கப்பட்டவருக்கு ஐந்து ஆண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே கிராஜுவிட்டி என்கிறார்கள். நல்லது. வரும்போது வாங்கிக்கொள்வோம்.

ஆனால் மறு கையைப் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால் பாக்டரி என்றிருந்தது 20 ஆயிற்று. காண்ட்ராக்ட் தொழிலாளர் பாதுகாப்பு 20 பேருக்கு என்றிருந்தது 50 ஆயிற்று. பீனியாவின் சந்துகளில் பத்து பதினைந்து பேரை வைத்து லேத்தும் பிரஸ்ஸும் ஓட்டுகிற பட்டறைகள் எத்தனை! அங்கே விரலைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை! ஆள் குறைப்புக்கும் ஆலை மூடுவதற்கும் 100 பேர் இருந்தாலே அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்தது 300 ஆயிற்று. தொழில் உறவுத் தொகுப்பில் ‘தொழில்’ என்பதற்கு எழுதிய புதிய விளக்கத்தில் வீட்டு வேலை கிடையாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கும் நம் பெண்களைப் பார்த்து “உனக்குச் சட்டம் கிடையாது” என்று இப்போது சட்டமே சொல்கிறது! 2004-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்த மாநிலம் இந்தக் கர்நாடகம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பறிப்பு வேலைநிறுத்த உரிமையில். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் மட்டும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இப்போது எந்தத் தொழிலானாலும் 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமாம்!

இதன் பொருள் விளங்க வேண்டுமானால் 2016 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது: பி.எப்.பில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை தொழிலாளி எடுக்க முடியாது. கார்மென்ட்ஸ் பெண்ணுக்கு பி.எப். என்பது என்ன? மகளின் கல்யாணம், மகனின் காலேஜ் பீஸ், வட்டிக்காரனிடமிருந்து விடுதலை. முதுகும் கண்ணும் 40 வயதிலேயே போய்விடும் வேலையில் 58 வயது வரை காத்திரு என்று டில்லியில் உட்கார்ந்து ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் பெண்கள் வெளியே வந்தார்கள். ஓசூர் ரோடு நின்றது. மறுநாள் நகரத்தின் வேறு பக்கங்களுக்கும் பரவியது. தலைவர் யாரும் கூப்பிடவில்லை, கட்சிக்கொடி இல்லை, 14 நாள் நோட்டீஸ் இல்லை. தடியடி இருந்தது, கண்ணீர்ப்புகை இருந்தது, வழக்குகளும் வந்தன. ஏப்ரல் 19 அன்றே மத்திய அரசு அறிவிக்கையை வாபஸ் வாங்கியது. நாடு முழுவதும் பி.எப். கட்டிய ஒவ்வொருவருக்கும், பெரிய ஆபீசில் ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தவருக்கும் சேர்த்து, அந்தப் பணத்தை மீட்டுக் கொடுத்தவர்கள் பெங்களூரின் தையல் பெண்கள். இந்த மாதிரி இன்னொரு ஏப்ரல் வரக் கூடாது என்பதற்காகவே 14 நாள் நோட்டீஸ் என்று நான் சொன்னால், மறுக்கிறவர்கள் மறுக்கட்டும்.

அந்த ரோட்டில் கன்னடம் பேசுகிற பெண்களே அதிகம்; தமிழும் தெலுங்கும் பேசியவர்களும் அவர்களோடு நின்றார்கள். போலீஸ் தடி யாருடைய தாய்மொழியையும் விசாரிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் காவிரியின் பெயரால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் இந்த ஊரில் எரிந்தன. 1991 டிசம்பரில் நடந்தது இதைவிடக் கொடுமை. குடிசைகளை விட்டு ஓடினவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த மாதக் கூலியே போயிற்று. ஏப்ரலில் ஒன்றாக நின்றவர்களைச் செப்டம்பரில் பிரித்தால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட வேண்டும்.

கூலி விஷயத்தில் கன்னடத் தொழிலாளியும் நம்மைப் போலவே ஏமாற்றப்படுகிறார். 2020 ஏப்ரலில் தர வேண்டிய பஞ்சப்படி உயர்வை மாநில அரசு கொரோனாவைக் காட்டித் தள்ளிவைத்தது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை போட்டது. அப்படியும் பெரிய பெரிய ஆடை ஆலைகள் கொடுக்கவில்லை. மாதம் 417 ரூபாய் 60 காசு. வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவர்கள் வரை செய்தி போய், அங்கிருந்து நெருக்குதல் வந்த பிறகுதான் 2022-இல் பாக்கி கைக்கு வரத் தொடங்கியது. இந்த 417 ரூபாய் 60 காசில் கன்னடக் காசு எது, தமிழ்க் காசு எது?

நம் வீட்டுக் குப்பை

இனி நம்மவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தோம், மகிழ்ந்தோம். வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிலைக்காக எழுதிய மனுக்களில், ஏறிய படிகளில் பத்தில் ஒரு பங்கு, நம் தமிழ் அமைப்புகள் பன்னேர்கட்டா ரோட்டிலுள்ள கார்மிக பவனுக்கு ஏறியதுண்டா? பொங்கல் விழாவுக்கு நன்கொடை தருகிற காண்ட்ராக்டரை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அவரிடம் வேலை செய்கிற பெண்கள் கீழே தரையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள், இ.எஸ்.ஐ. கார்டு அவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விழாக் கமிட்டி கேட்டதுண்டா? கம்பெனியில் 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எப். கூலியில் 12 சதம் பிடித்தால் முதலாளியும் 12 சதம் போட வேண்டும். பிடித்ததையாவது கட்டினாரா என்று பி.எப். பாஸ்புக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போனில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும்.

“மேஸ்திரி நம்ம ஊர்க்காரர். பெண் கட்டிக் கொடுத்த உறவு. அட்வான்ஸ் வேறு வாங்கியிருக்கிறோம். அவர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது?” சங்கத்துக்கு வருகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். உறவை முறித்துக்கொள்ளச் சொல்லி நாம் யாருக்கும் சொல்லவில்லை. அட்வான்ஸை அடைக்கும் கணக்கு வேறு, செய்த வேலைக்கு வரவேண்டிய கூலி வேறு. அட்வான்ஸைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குக் கொத்தடிமை என்று பெயர்; 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கூலி பாக்கிக்கு மேஸ்திரியை மட்டும் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதும் இல்லை. காண்ட்ராக்டர் கூலி கொடுக்கவில்லை என்றால், யாருடைய கட்டடத்தில், யாருடைய கம்பெனியில் வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுக் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, இன்றைய தொகுப்பிலும் இருக்கிறது. மனுவைத் தொழிலாளி தனியாகப் போடலாம்; அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கமும் போடலாம். மனுவில் எழுத வேண்டியது கட்டடத்தின் விலாசம், கம்பெனியின் பெயர், வேலை செய்த தேதிகள், வாங்கிய தொகை, வர வேண்டிய பாக்கி. தேதிகளை இன்று இரவே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.